திறப்பு விழாவில் விட்டுப்போன பெயர்

பரங்கிப்பேட்டையில் ஜெயராணியின் இறால் குளங்களில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் காற்றாடிகளை ஓட்டுவது ஒரு மென்பொருள். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் அதுவே முடுக்கிவிடும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் திறந்துவைத்திருந்ததை இறக்கிப் பொருத்தியவன் அவள் கொழுந்தன் சார்லஸ். அறுவடை நெருங்கிய நேரத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. இந்த முறைக்குக் காப்புரிமை எங்களுடையது, உடனே நிறுத்துங்கள் என்றது. ஆளை வைத்து ஓட்டிய வருடம் பாதி இறால் செத்து மிதந்ததை ஜெயராணி மறக்கவில்லை.

"இலவசம்னியே சார்லஸ்! வேலியில போற ஓணான எடுத்து எம் மடியில உட்டுட்டியே."

"இலவசந்தான் அண்ணி. இவனுங்கதான் குறுக்க வந்து நிக்கிறானுங்க."

இருவரும் சிதம்பரத்தில் வழக்கறிஞர் இலக்கியாவிடம் போனார்கள். அவர் மடிக்கணினியில் மென்பொருளின் முகப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இத எழுதினவங்க பேரு, உரிமம் எல்லாம் எங்க?"

சார்லஸ் தலையைச் சொறிந்தான். "பண்ணை திறப்பு விழாவுல இந்தத் திரையத்தான் பெரிசா காட்டினோம் மேடம். முகந்தெரியாதவன் பேரெல்லாம் எதுக்குன்னு எடுத்துட்டு மாமா, சித்தப்பா, பங்குச் சாமியாரு பேரெல்லாம் போட்டேன். ஒருத்தர விட்டாலும் சண்டைக்கு வந்துருவாங்க."

இலக்கியா சிரிப்பை அடக்கிக்கொண்டு இணையத்தில் மூலப் பிரதியைத் தேடித் திறந்தார். காற்றாடியை முடுக்கும் பகுதியை எழுதிச் சேர்த்தவர் பெயரில் விரலை வைத்தார். நோட்டீஸ் அனுப்பிய அதே நிறுவனம்!

"விட்டுப்போன பேருன்னு சண்டைக்கு வந்தவரு இவருதான் போல" என்றாள் ஜெயராணி.

"எழுதிக் குடுக்கறவங்க அதுல தங்களுக்கு உள்ள காப்புரிமையப் பயன்படுத்துற அனுமதியையும் சேத்துக் குடுக்கறாங்கன்னு இந்த உரிமம் சொல்லுது. ஆனா பேர அழிக்கக்கூடாதுங்கிறதும் இதுல இருக்கு. மொதல்ல எல்லாத்தயும் திருப்பிப் போடுங்க, அப்புறம் பதில் எழுதறேன். கேஸே வராதுன்னு சொல்லமாட்டேன். வந்தா நிக்க நமக்கு இடம் இருக்கு."

சார்லஸ் அங்கேயே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். "மாமா பேரு, அண்ணி?"

"கீழ போடு. சின்னதா."

ஜெயராணி பண்ணைக்குப் போன் போட்டாள். எடுத்த பண்ணையாள் கண்ணாயிரத்தின் குரலுக்குப் பின்னால் காற்றாடிகள் தண்ணீரை அடிக்கும் சத்தம்.

"நிறுத்திடவாம்மா?"

"வேணாண்ணே, ஓடட்டும்."