கொண்டைக்கிளி போட்ட துளை

1

என் கணிப்பொறி நிரலை ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி திருத்திக்கொடுத்து, ஆற்றங்கரையில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கதை. கறி சுடும் விருந்துகளில் இதைச் சொல்லிச் சொல்லியே பாதி நண்பர்களை இழந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எழுதியே தீருவதென்று உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி நொரீன் மட்டும் ஒரு சொல்லும் நம்புவதில்லை. அன்று அந்த அறையில் என்னோடு இருந்தவளும் அவள் ஒருத்திதான்.

கதையில் என் பெயர் கிளைவ். நிஜத்திலும் அதுதான். 'அவன்' என்று எழுதினால் புளுகுவதற்குக் கை காலை நீட்டிக்கொள்ளலாம், அவ்வளவே.

2

வானம் பிளந்தது. கிட்டாரா அணையில் தண்ணீர் மலைபோல எழுந்து... (வேண்டாம். கிளைவ் அணையைப் பார்க்கவே இல்லை. அவன் முன்னால் இருந்தது சுவரை அடைத்து நின்ற ஓர் இயந்திரம்.)

மறுபடி தொடங்குகிறேன். அணைப் பொறியாளர் ஹால் தொலைபேசியில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மதியத்துக்குள் கணக்கு வராவிட்டால் மதகுகளைத் திறந்துவிடுவேன் என்றார். திறந்தால் தாழ்நிலம் முழுகும். அங்கே நொரீனின் அண்ணன் லெஸ், பெண்டாட்டி பிள்ளைகளோடும் மாடுகளோடும் சிக்கியிருந்தான். சாலை ஏற்கெனவே தண்ணீருக்கடியில். அணை தாங்கும் என்று தெரிந்தால் திறக்க வேண்டியதில்லை. தாங்குமா என்று சொல்ல வேண்டியது கிளைவின் நிரல்.

3

அந்நாளில் நிரல் என்றால் வெறும் எண்கள். காகித நாடாவில் துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. ஓடும்போது இயந்திரம் ஒலிபெருக்கியில் முணுமுணுக்கும். கணக்கு எதுவரை வந்திருக்கிறதென்று காதே சொல்லிவிடும். அன்று முணுமுணுப்பு பாதியில் ஒரே ஊளையாகிவிட்டது. ஏதோ ஓரிடத்திலேயே சுற்றுகிறது என்று அர்த்தம். கிளைவ் எண்களின் மேல் விரலை ஓட்டித் தேடினான். அகப்படவில்லை.

"முடியாதுன்னா சொல்லிடு கிளைவ்," என்றாள் நொரீன். இயந்திரத்தை ஓட்டுபவள் அவள்.

"இரு. இங்கதான் எங்கியோ இருக்கு."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்ற. அங்க இருக்கறது எங்க அண்ணன்டா."

4

அறைச் சூட்டுக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். நாடா அதன் விளிம்பில் கிடந்தது. தொலைபேசி மறுபடி அடித்து, நொரீன் ஹாலிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு ஜன்னல் பக்கம் இருந்ததாம். அவள் கட்சி அது. அப்போது மூன்று கொண்டைக்கிளிகள்* வந்து உட்கார்ந்தன. நாடாவில் ஒரே கொத்து. கிளைவ் கையை வீசினான், பறந்துவிட்டன.

(*சரி, ஒன்று. முதல் வரைவில் ஏழு. அதில் ஒன்று மழைக்கோட்டு போட்டிருந்தது.)

நொரீன் வேறு வழி தெரியாமல் அதே நாடாவை மீண்டும் செலுத்தினாள். ஊளை வரவேண்டிய இடம் வந்தது. கிளைவ் கண்ணை மூடிக்கொண்டான்.

முணுமுணுப்பு நிற்கவில்லை.

பிறகுதான் புரிந்தது: ஒரு கட்டளை, தான் இருக்கும் இடத்துக்கே தாவச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு துளை கூடியதும் அடுத்த இடத்துக்குத் தாவிவிட்டது. போன வெள்ளத்தின் அளவுகளைக் கொடுத்துச் சோதித்தார்கள், பொருந்தியது. அன்றைய வெள்ளத்தைக் கொடுத்தார்கள். அணை தாங்கும் என்று வந்தது. நொரீன் ஹாலிடம் சொன்னாள். மதகுகள் மூடியே இருந்தன. லெஸ் இன்றும் பால் கறக்கிறான்.

5

இனி முடிவு. நொரீன் சொல்லும் முடிவில் கிளைவே பிழையைக் கண்டுபிடித்துத் துளை போடுகிறான். கிளி அவன் கட்டிவிட்ட கதை. அதில் நான் மகா கெட்டிக்காரன். இருந்தும் எனக்குப் பிடிக்கவில்லை. வாசகரே, எது வேண்டுமென்று நீங்களே

(இந்த இடத்தில் நொரீன் தாளை உருவிக்கொண்டாள். கடைசிவரை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.)

"ஹால் என்ன கேட்டார்னு எழுதல நீ."

"என்ன கேட்டாரு?"

"யாரு சரி பண்ணதுன்னு கேட்டார். உன் பேரைச் சொன்னேன். கிளின்னு சொல்லியிருந்தா அந்த நிமிஷமே மதகைத் திறந்திருப்பார். அன்னிக்குச் சொன்னதை அப்புறம் மாத்த முடியல."

"அப்ப நீ..."

"திரும்பிப் பாத்துட்டேதான் பேசினேன். கிளிதான் கொத்திச்சு, கிளைவ்."