லைல் வீட்டு வழுக்கை

லைல் வீட்டுப் புல்தரை இரண்டு இடத்தில் வழுக்கையாகிப் போனதற்குக் காரணம் புழு. அது மறுபடி முளைக்காமல் போனதற்குக் காரணம் நான். நாற்பது வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவன், இந்த ஒரு வார்த்தையை அவனிடம் சொல்லியிருக்கலாம்.

எங்கள் தெருவில் புல் விஷயத்தில் லைலுக்கு இணையாக ஆள் கிடையாது. யார் வீட்டுப் புல்லையும் குறை சொல்லாமல் தாண்டிப் போகமாட்டான். போன அக்டோபரில் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் பார்த்து புழு வேரையெல்லாம் தின்றுவிட்டது. கையால் இழுத்தால் புல் பாய் மாதிரி சுருண்டு வந்தது. புழுவைத் தேடி ராத்திரியில் வந்த ரக்கூன்கள், அந்த மரநாய் மாதிரிப் பிராணிகள், மிச்சத்தையும் தோண்டிப் போட்டன.

மார்ச்சில் டாக்டர் கையை விரித்துவிட்டார். ஜூன் வரை தாங்கினால் அதிகம் என்றார். அவன் மனைவி மார்லிஸ் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தாள். ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த இரண்டு வழுக்கை.

"சாகறதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லடா டுவேன். இதைப் பாத்துக்கிட்டே சாகணுமான்னுதான் எரிச்சலா இருக்கு."

"வளந்த புல்லைப் பாய் மாதிரி உருட்டி விக்கிறாங்களே, அதை வாங்கிட்டு வந்து பதிச்சிடறேன். ஒரே நாள் வேலை."

"விக்கு வச்சுக்கிட்டா முடி வளந்ததா அர்த்தமா? விதை போடு. முளைக்கிறதை நான் பாக்கணும்."

பனி கரைந்து மண் காய்ந்ததும் இறங்கினேன். செத்த வேரை வாரிக் கொட்டி, மண்ணைக் கிளறி, மக்கிய உரம் கலந்து, விதை தூவி, மிதித்து, மேலே வைக்கோல் பரப்பினேன். அவன் ஜன்னலைத் திறந்துவைத்து அதட்டிக்கொண்டே இருந்தான். "விதை போடச் சொன்னா கோழிக்குத் தீனி போடுற." அன்று அவன் முகத்தில் இருந்த தெம்பு அப்புறம் வரவே இல்லை.

அடுத்த வாரம் தெருவில் மஞ்சள் பூப் புதர்கள் பூத்தன. அவை பூத்தால் களை முளைக்கப் போகிறது என்று கணக்கு; எங்கள் ஊரில் எல்லோரும் களைத்தடுப்பு மருந்தைத் தூவும் தள்ளுவண்டியில் கொட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். என் புல்லுக்குத் தூவியதுபோக அரை மூட்டை மிஞ்சியது. வருடா வருடம் லைல் தன் கையால் செய்கிற வேலை. இந்த வருடம் அவனுக்கு யார் செய்வார்கள் என்று நினைத்தேன். மத்தியானம் அவன் தூங்கும்போது சத்தமில்லாமல் அவன் புல்தரை முழுக்க உருட்டிவிட்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

சாயங்காலம் மூட்டையை மடிக்கும்போதுதான் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்த மருந்துக்குக் களை விதை, நல்ல விதை என்ற பேதமெல்லாம் தெரியாது. மண்ணில் கிடக்கிற எந்த விதையையும் முளைக்கவிடாது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிகிற விஷயம். பூவைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் காபியோடு போய் உட்கார்ந்தேன்.

"நேத்து வண்டி உருட்டுற சத்தம் கேட்டுச்சே" என்றான்.

"என் வீட்டுப் பக்கம்டா."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "முளைச்சிருச்சா?"

"இன்னும் இல்ல. மண்ணு சில்லுனு இருக்கு."

அன்றிலிருந்து தினமும் காலையில் இதே கேள்வி. முதலில் குளிர் என்றேன், பிறகு மழை என்றேன், பிறகு குருவி தின்றுவிட்டது என்றேன். "குருவி பாவம், அது மேல ஏன் பழி போடுற?" என்றான். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். திட்டுவான் என்று பயமில்லை, காலமெல்லாம் திட்டியவன்தானே. சாகப்போகிறவனிடம் உன் கடைசி ஆசையில் மண்ணைப் போட்டவன் நான்தான் என்று எப்படிச் சொல்வது? தினமும் இரண்டு வேளை வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மே கடைசியில் அவனால் பேச முடியவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்துவான். நான் தலையை ஆட்டி இல்லை என்பேன். ஜூன் ஒன்பதாம் தேதி காலையில் நான் போனபோது மார்லிஸ் ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தாள்.

அடக்கம் முடிந்து சர்ச்சில் சாப்பாடும் ஆனபிறகு, இரவல் வாங்கிய நாற்காலிகளைத் திருப்பி வைக்க அவர்கள் வீட்டு கராஜைத் திறந்தேன். சுவரோரம் தார்ப்பாய் போட்டு ஏதோ மூடியிருந்தது. விலக்கினால், பத்து மூட்டை புது மேல்மண். பக்கத்தில் பிரிக்காத விதைப் பை.

மார்லிஸ் பின்னால் வந்து நின்றாள்.

"மே மாச ஆரம்பத்துல என்னைப் போய் வாங்கிட்டு வரச் சொன்னாரு. நீங்க மருந்து தூவுனதை ஜன்னல் வழியாப் பாத்துட்டாரு, டுவேன். முழிச்சுப் பாக்கும்போது பாதித் தரை முடிஞ்சிருச்சாம். மருந்து பட்ட மண்ணை வழிச்சுட்டு இதைப் போட்டு விதைச்சா மூணு வாரத்துல பச்சையாயிடும்னாரு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். விடல. 'அவன் வாயால வரட்டும், அதுவரைக்கும் தொடாத'ன்னுட்டாரு. பிடிவாதக்காரரு, உங்களுக்குத் தெரியாததா?"

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே, மார்லிஸ்."

"தினமும் கேட்டாரே" என்றாள்.

நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அந்த மண்மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதேன்.