சாணி வைத்த நாற்பது குச்சிகள்

புருசன் தனசேகர், தழையுரத்துக்கு வளர்க்கும் கிளைரிசிடியா மரக் குச்சியின் சிறுத்த முனையைக் குழிக்குள் இறக்குவதைப் பார்த்ததும் ஜோதிக்குப் பகீரென்றது. பெருத்த முனையல்லவா அடியில் இருக்க வேண்டும்! பதினொரு வருடம் ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் போய் ஆழ்துளைக் கிணறு போட்ட மனுசன். சிறுத்த பக்கம்தான் மண்ணுக்குள் சுலபமாக இறங்கும் என்று நினைத்துவிட்டான். தலைகீழாக நட்டது எங்கே துளிர்க்கப் போகிறது?

சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். அந்த ரிக் வண்டியின் கம்ப்ரசர் சத்தம் அவன் காதை முக்கால்வாசி தின்றிருந்தது. கத்திச் சொன்னால் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் கேட்கும். போதாததற்குக் காலையில்தான் சொல்லியிருந்தான்.

"இந்த நாப்பதும் பொழைக்கலீன்னா மறுபடி ரிக்குக்கே போயர்றேன் ஜோதி. காட்டு வேலைக்கு நான் ஆகமாட்டேன்."

மறுபடியும் வருடத்துக்குப் பத்து மாதம் தனியாகக் கிடக்க அவளால் முடியாது.

நட்டு முடித்தவன், வெயிலில் காயாமலிருக்க ஒவ்வொரு குச்சியின் உச்சியிலும் சாணி அப்பினான். சேந்தமங்கலத்து விவசாயி சின்னுசாமி சொல்லிக்கொடுத்தாராம். அந்த மகராசன் எந்த முனை கீழே என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மத்தியானம் அவன் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும், ஜோதி ஓடிப்போய் நாற்பதையும் பிடுங்கித் திருப்பி நட்டாள். சாணி அப்பிய முனையெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது என்பது வீட்டில் கை கழுவும்போதுதான் உறைத்தது. போச்சு, பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவான்.

மறுநாள் காலை தயங்கித் தயங்கிக் காட்டுக்குப் போனாள். நாற்பது குச்சிகளின் தலையிலும் புதுச்சாணி ஈரமாக இருந்தது. தனசேகர் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"தண்ணி உடலாமா புள்ள?" என்று மட்டும் கேட்டான்.

"உடலாமுங்க மாமா," என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐப்பசி மழைக்கு அத்தனையும் துளிர்த்தன. அதன்பின் தண்ணீர் கேட்காமலே கோடையையும் தாண்டின. தழையை வெட்டிக் காட்டிலிருந்த முருங்கை மரங்களுக்கு எருவாகப் போட்டார்கள். வேர் தன் பங்குக்கு மண்ணில் தழைச்சத்தைச் சேர்த்தது. இரண்டாம் வருட மாசியில் இலையெல்லாம் கொட்டி, கிளை முழுக்க இளஞ்சிவப்புப் பூ. பூவெல்லாம் தேனீ.

அன்றைக்குப் பார்த்துத்தானா ரிக் முதலாளி ஜோதியின் போனில் கூப்பிட வேண்டும்? வண்டி கிளம்புகிறதாம், தனசேகர் வருகிறானா என்று கேட்டார். அவள் போனைப் பொத்திக்கொண்டு அவன் காதோரம் சொன்னாள்.

அவன் பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஈ சத்தம் போடுதா?"

"போடுதுங்க."

"எப்படியிருக்குது?"

"நாலு காட்டுக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடுறாப்பல இருக்குதுங்க மாமா."

தனசேகர் சிரித்தான். "அது அங்கியே ஓடட்டும்னு சொல்லிப்போடு."