அம்மா விட்ட இடைவெளி

திரையில் ஓடிய பட்டை அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஜென்சி பட்டனை அழுத்திப் பிடித்தாள், சிம்மைப் பிடுங்கினாள். எதுவும் நிற்கவில்லை. அது செத்துப்போன அம்மாவின் போன். நெட்வொர்க் செட்டிங்கை மட்டும் அழிக்கப் போனவள், பதற்றத்தில் அடுத்த வரியைத் தொட்டுவிட்டாள். 'எல்லாவற்றையும் அழி.'

ஞாயிற்றுக்கிழமை மதியம். பாலக்கரை வீட்டுக்குள் அப்பா அமிர்தராஜ் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில், சீட்டு உறை கூடப் பிரிக்காத புதுக் காருக்குள் உட்கார்ந்து, தன் போனில் பெரியப்பா மகனைக் கூப்பிட்டாள். மொபைல் கடையில் வேலை செய்கிறவன்.

"பெஞ்சமின் அண்ணே, அழிஞ்சது திரும்ப வருமா?"

"என்னத்தடி அழிச்ச?"

"அம்மா போன்தான். வண்டியில கனெக்ட் ஆகுது, கால் வந்தா ஸ்பீக்கர்ல கேக்குது. ரெக்கார்டிங் மட்டும் வரல. வண்டியில போன் பேர எடுத்தேன், போன்ல வண்டி பேர எடுத்தேன், மூணு தடவ மறுபடி சேத்தேன். கடைசியா ரீசெட் பண்ணப் போயி..."

"அடிப்பாவி! வண்டி பேருக்குப் பக்கத்துல மீடியா ஆடியோன்னு ஒண்ணு இருக்கும், அது ஆஃப்ல கெடந்திருக்கும். ஒரு தட்டு தட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். பெரிய இன்ஜினியரு!"

"அண்ணே, வருமா வராதா?"

சிரிப்பு நின்றது. "வராது பாப்பா. அதுல என்ன இருந்துச்சு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அதில் ஜெபமாலையின் பத்து மணிகள் அம்மாவின் குரலில் இருந்தன. தினமும் ஸ்ரீரங்கத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் மூவரும் காரிலேயே சொல்லுவார்கள். மணிக்கு ஒன்றாகச் சொல்லும் ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே'க்கும் முதல் பாதி அம்மா. மறுபாதி அப்பாவும் ஜென்சியும். அம்மாவுக்குத் தொட்டியம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்து, விடியற்காலையிலேயே பஸ் ஏற வேண்டியதாயிற்று. "நான் இல்லன்னா ரெண்டு பேரும் ஏமாத்திடுவீங்க" என்று தன் பாதியை மட்டும் பழைய போனில் பேசிப் பதிவுசெய்து, இவர்கள் பதில் சொல்ல இடைவெளியும் விட்டு, போனைக் காரிலேயே வைத்தாள். அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள்.

பழைய காரில் சாவியைத் திருகினால் போதும், புளூடூத் தானாகச் சேர்ந்து அம்மா ஆரம்பித்துவிடுவாள். நாலாவது மணியில் தொண்டையைச் செருமுவாள். இரண்டு வருஷமாக அந்த இடைவெளிகளில்தான் அப்பா அவளோடு பேசிக்கொண்டிருந்தார். நகல் எடுக்க விட்டதில்லை. "அவ போன்லயே இருக்கட்டும்மா" என்பார்.

நாளைக் காலை ஏழரைக்கு அவர் புது வண்டியை எடுப்பார்.

ஜென்சி ஹலோ சொன்னால் தொட்டியத்து அம்மாச்சி வீட்டில் இன்னும் ஒரு நொடி திகைக்கிறார்கள். அப்படியே அம்மா குரல். கார்க் கண்ணாடியை ஏற்றினாள். அம்மாவின் போனில் ரெக்கார்டரைத் திறந்து, முதல் பாதியைச் சொன்னாள். மறுபாதியை மனசுக்குள் சொல்லி இடைவெளி விட்டாள். நாலாவது மணியில் செருமினாள். மூன்று தடவை அழுகை வந்து கெட்டது. நாலாவது தடவை ஒப்பேறியது. போனை வண்டியோடு மறுபடி சேர்த்து, மீடியா ஆடியோவை ஆன் செய்தாள்.

மறுநாள் காலை அப்பா ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு குரல் வந்தது.

"அட, சேத்துட்டியேம்மா!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

அவர் பதில் சொன்னார். அவளும் சொன்னாள். தன் குரலுக்குத் தானே பதில் சொல்வது நாக்கில் ஒட்டிக்கொண்டது. செருமலுக்கு அப்பா எப்போதும்போலச் சிரித்தார். ஏழாவது மணியில் மட்டும் அவர் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஜென்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து மணிகளும் முடிந்தபோது கார் காவேரிப் பாலத்தில் ஏறியிருந்தது. அப்பா சத்தத்தைக் குறைத்தார். பார்வை ரோட்டிலேயே இருந்தது.

"ஏம்மா, ஏழாவதுல தெருவுல ஒரு வெங்காய வண்டி மைக்குல கத்திக்கிட்டுப் போவுமே, அம்மா கூட ஒரு நிமிஷம் நிறுத்துவாளே... அது எங்கம்மா?"