முந்திக் கதிர்விட்ட கோதுமை

வாய் நிறைய அத்தான் என்று நான் கூப்பிட்ட மனிதரை நாலு பேர் முன்னால் நிற்கவைத்து வியர்க்கவிட வேண்டும் என்ற ஆசை, எனக்கு ஒரு பிரிண்டருக்கு முன்னால்தான் வந்தது.

நான் வேலை பார்ப்பது கோதுமை ஆய்வு நிலையத்தில். என் அக்காவின் கணவர்தான் எங்கள் பிரிவுத் தலைவர். துருநோயைத் தாங்கும் கோதுமையையும் தாங்காததையும் கலந்து, அவற்றின் வாரிசுகளை வரிசை வரிசையாக விதைத்து, எந்தச் செடியின் இலையில் துரு படிகிறது என்று மூன்று பருவம் வயலில் குனிந்தே கிடந்தவள் நான். துரு படியாத செடிகளில் பொதுவாக இருந்த மரபணுத் துண்டைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்தவளும் நான்தான். அத்தான் வயல் பக்கம் தலைகாட்டியதே இல்லை. ஷூவில் சேறு படுமாம்.

நான்காம் பருவத்தில் எனக்கே ஒரு சந்தேகம். அதே வாரிசுகளை வேண்டுமென்றே தாமதமாக விதைத்துப் பார்த்தேன். எல்லாம் பச்சையாக இருக்கும்போதே நோய் வந்தது; நான் கொண்டாடிய செடிகளிலும் துரு அப்பிக்கொண்டது. அந்தத் துண்டு நோயைத் தடுக்கவே இல்லை. கதிரைச் சீக்கிரம் வெளியே தள்ளியது, அவ்வளவுதான். மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தவன் நனையாத கதை. துரு வருவதற்குள் மணி முற்றிவிட்டது.

சத்தியமாக, அதை அத்தானிடம் சொல்லத்தான் ஓடினேன். அறையில் அவர் இல்லை. பிரிண்டரிலிருந்து தாள்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. என் வரைபடம், என் வாக்கியங்கள், மேலே அவர் பெயர் மட்டும். நிலைய இயக்குநர் பதவிக்கான தேர்வில் அவர் பேசப்போகும் ஆய்வு அது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யார் பேர்ல வந்தா என்னடி? வெளி ஆளா எடுத்துக்கிட்டான்? அவருக்குப் பதவி கிடைச்சா உனக்கும்தானே நல்லது."

ஆக, இவளுக்கும் தெரியும். அத்தான் உள்ளேயிருந்து வந்தார்.

"கோவிச்சுக்காதேம்மா. அடுத்ததுல உன் பேரையும் போட்டுக்கலாம்."

"சரி அத்தான். நல்லா பேசுங்க" என்று சிரித்துவிட்டு வந்தேன். தப்பான விதை உழவர் கைக்குப் போக விடமாட்டேன். ஆனால் இந்த ஆய்வு தேர்வு மேடை வரைக்கும் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

தேர்வு நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. அத்தான் புதுச் சட்டையில் அழகாகத்தான் பேசினார். கைதட்டல் வேறு. முன்வரிசையில் தேர்வுக் குழுத் தலைவி ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். கேள்வி நேரம் வந்ததும் நான் எழுந்தேன்.

"ஒரு சின்ன சந்தேகம் சார். இந்தச் செடிகள்ல கதிர் எப்போ வந்துச்சுன்னு பார்த்தீங்களா? லேட்டா விதைச்சா இதே செடிகள் துருவைத் தாங்குமா?"

அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விதைத்தவருக்கல்லவா பதில் தெரியும்? தலைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

"அது... இந்த வேலையை அவங்கதான் செஞ்சாங்க. விதைச்சது, நோயைப் பார்த்தது, வரைபடம் போட்டது எல்லாமே அவங்கதான். தப்பு இருந்தா அது அவங்களோடது. நான் இதுல கையே வைக்கல."

தலைவி முதல் தாளுக்குப் புரட்டி, மேலே இருந்த பெயரைப் பார்த்தார். "அப்படின்னா இதுல உங்க பேர் ஏன் இருக்கு?"

அத்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். பதவி அந்த நிமிடமே கைவிட்டுப் போனது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். தாமதமாக விதைத்த செடிகளின் படங்களை எடுத்துக்கொண்டு நானே மேடையேறி, என் வேலை எங்கே தவறியது என்று என் வாயாலேயே சொன்னேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அழுதிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"அது அவரோட ஆராய்ச்சி, அக்கா. அதுல நான் என்ன சொல்றது?"