எட்டாம் வாரத்துக் குடில்

பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில்தான் போக வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ, அவன் நாசமாய்ப் போக என்று அக்டோபர் முழுக்கச் சபித்துக்கொண்டிருந்தாள் இங்குன். அவர்கள் ஊரான டிராமனில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை வருஷத்தின் எட்டாம் வாரம், பிப்ரவரியில். தலைநகர் ஓஸ்லோவுக்கும் அதே வாரம். ஊரே திரண்டு மலையேறுகிறது. மலையில் கோழிக்கூண்டு வைத்திருப்பவன்கூட அதற்கு ஒரு ஜன்னலை வைத்து, வாடகையை மூன்று மடங்காக்கிவிடுகிறான்.

இடம் தேடும் வேலையை அவள் தலையில் கட்டியவள் தோழி மெரெத்தே. "நீதான்டி இதுல கெட்டிக்காரி, எங்களுக்கெல்லாம் பொறுமை கிடையாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாள். பொறுமையாவது மண்ணாவது! காசு இருக்கிறவர்களுக்குத் தேட வேண்டியதில்லை, இல்லாதவள் தேடுகிறாள், அவ்வளவுதான். மெரெத்தே, அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள். எதிர்வீட்டு ஓசெ, அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள். அப்புறம் இங்குனும் பத்து வயது மகள் தீரிலும். ஓசெயின் பையனுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, ஆகவே தனிச் சமையலறை வேண்டும். மெரெத்தேயின் சின்னவளுக்குச் சறுக்கவே தெரியாது, ஆகவே சமதளம் பக்கத்தில் வேண்டும். மெரெத்தேயின் புருஷனுக்குச் செங்குத்தான மலை வேண்டும், இல்லாவிட்டால் முகம் தொங்கிவிடும். வரவேற்பறை சோபாவில் யாரும் படுக்கமாட்டார்கள். ஆனால் காசு மட்டும் கம்மியாக இருக்க வேண்டும்!

விடுதிகளைக் கேட்டால் அதைவிடக் கொடுமை. குடும்பம் என்றால் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள். ஒரு அம்மாவும் ஒரு மகளும் போய் நின்றால் அது குடும்பமே இல்லை. சலுகை கிடையாது, முழு அறைக்கும் பணத்தை வை.

கடைசியில் அவள் உறுப்பினராக இருந்த பனிச்சறுக்குச் சங்கத்தின் குடில் கிடைத்தது. ஹாலிங்டால் மலைப் பள்ளத்தாக்குப் பக்கம், பத்துப் படுக்கை, விறகடுப்பு, கழிப்பறை வெளியே. வாடகை என்று சொல்லவே வெட்கப்படும் அளவுக்குச் சொற்பம். ஆனால் ஒரு நிபந்தனை, இலையுதிர்காலத்தில் நடக்கும் கூட்டு வேலைக்கு வந்த உறுப்பினருக்குத்தான் குளிர்காலத்தில் குடில். டுக்னாட் என்று சொல்லும் இந்தச் சம்பளமில்லாக் கூட்டு வேலை என்றால் இந்த நாட்டில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஆனால் மெரெத்தேக்கு அன்றைக்குப் பார்த்து முழங்கால் வலி, ஓசெக்கு யாரோ ஒருவரின் பிறந்தநாள். இங்குன் தனியாகப் போனாள். மழையில் விறகு சுமந்தாள், கூரைக்குத் தார் பூசினாள், கழிப்பறைப் பீப்பாயை இன்னொரு கிழவரோடு சேர்ந்து தூக்கிக் கொட்டினாள். நாற்றம் தலைமுடியை விட்டுப் போக இரண்டு நாளாயிற்று. அவளுக்கு அது பெரிதாகவே படவில்லை, ஏனென்றால் தீரிலுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். விவாகரத்துக்குப் பிறகு வந்த முதல் விடுமுறையில் இங்குனுக்கு வேலை, இரண்டாவதில் கையில் காசில்லை. இந்த வருஷம் மலை உச்சியிலிருந்து இருவரும் சேர்ந்து இறங்குவது என்று பேச்சு. தீரில் தினமும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

வினை வேறு ரூபத்தில் வந்தது.

இரட்டைப்படை வாரங்களில் தீரில் அம்மாவிடம், ஒற்றைப்படை வாரங்களில் அப்பா ஐவினிடம். எட்டு இரட்டைப்படை. யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த வருஷம் ஐம்பத்து மூன்று வாரங்களோடு முடிந்தது. ஐம்பத்து மூன்றும் ஒற்றை, அடுத்து வரும் ஒன்றும் ஒற்றை. இரண்டு வாரம் தொடர்ந்து மகள் அப்பாவிடம். இங்குனால் தாங்க முடியவில்லை. தொலைபேசியில் அழுதாள், கத்தினாள், "முறைன்னா முறை, ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு, நம்பரா முக்கியம்?" என்று சண்டை போட்டுப் புது வருஷத்தின் முதல் வாரத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கிய சந்தோஷத்தில், அதற்குப் பிறகு வரும் இரட்டைப்படை வாரமெல்லாம் அவனுடையதாகிவிட்டதை அவள் யோசிக்கவே இல்லை.

ஜனவரி கடைசியில் தீரிலைக் கொண்டுவந்து விட்டபோது ஐவின்தான் வாசலில் நின்று சொன்னான்.

"எட்டாம் வாரம் என் முறை, தெரியும்ல?"

"விளையாடாதே. குடில் புக் பண்ணியாச்சு."

"நான் ஏன் விளையாடுறேன்? முறைன்னா முறைன்னு நீதானே சொன்ன."

"ஐவின், அந்த ஒரு வாரத்த மாத்திக்கலாம். கெஞ்சிக் கேக்குறேன்."

"இனிமே மாத்துறதே இல்லன்னு குடும்ப ஆலோசகர் முன்னாடி கையெழுத்துப் போட்டோம். ஏற்கெனவே ஒரு தடவை உனக்காக விட்டுக்கொடுத்தேன். எனக்கும் அந்த வாரம் லீவு போட்டாச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். அவன் தப்பு செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள்.

மறுநாள் மெரெத்தே காப்பிக்குக் கூப்பிட்டாள். வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் எடுத்துவைத்து உபசரித்தபோதே இங்குனுக்குச் சந்தேகம் தட்டியது.

"ஐவின் எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசினாராம்," என்றாள் மெரெத்தே. "பாவம், எங்கயும் இடம் கிடைக்கலையாம். அந்த வாரம் தீரில் வீட்லயே அடைஞ்சு கிடப்பா."

"அதுக்கு?"

"கோவிச்சுக்காதே. பத்துப் படுக்கைதானே இருக்கு. உன்னோடத அவருக்குக் குடுத்தா, தீரில் எங்களோட வந்துடுவா."

"என் படுக்கைய."

"பிள்ளை இல்லாம நீ அங்க வந்து என்னடி பண்ணப் போற? எங்க பிள்ளைங்களப் பாத்துப் பாத்து ஏங்கத்தான் போற. அந்தக் குழந்தைக்காகச் சொல்றேன்."

"பீப்பாய் சுமக்க நான், படுத்துக்க அவனா? உனக்கு வெக்கமா இல்ல?"

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாதே. யாரு உன்னை வர வேணாம்னாங்க? நீ வந்தா தீரில் வரமாட்டா, அவ்வளவுதானே."

அவ்வளவுதானே! இங்குனுக்குத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் தீரில் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து சிநேகிதிகள் அனுப்பும் படங்களைப் பார்ப்பது கண்ணுக்குள் வந்தது. பையிலிருந்து குடில் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நீ தங்கம்டி," என்றாள் மெரெத்தே. பிறகு, "அப்புறம் ஒண்ணு. கடைசி நாள் கழுவித் துடைச்சு உறுப்பினர்தான் ஒப்படைக்கணுமாமே? சனிக்கிழமை நீ ஒரு நடை வந்துடுவியா?"

இங்குன் சரி என்றதற்குக் காரணம் மெரெத்தே அல்ல. சனிக்கிழமை குடிலை மாலைக்குள் ஒப்படைத்தால் போதும். காலையிலேயே போய்விட்டால் மகளோடு ஓரிரு தடவை உச்சியிலிருந்து இறங்கலாம். ஒரு வாரம் போனாலும் ஒரு காலையாவது மிஞ்சும். ஐவினுக்குச் செய்தி அனுப்பினாள். 'சனிக்கிழமை காலைல வந்துடுவேன். தீரிலோட கொஞ்சம் சறுக்கிட்டு அப்புறம் கழுவுறேன்.' அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினான்.

சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினாள். பிளாஸ்க் வெந்நீருக்குள் சூடு ஆறாமல் தீரிலுக்குப் பிடித்த சாசேஜ்கள், காரின் கூரையில் சறுக்குக் கட்டைகள், டிக்கியில் துடைப்பமும் தரை கழுவும் பச்சைச் சோப்பும். வழியெல்லாம் நல்ல வெயில், நேற்றுப் பெய்த புதுப் பனி. அவள் தன்னை அறியாமல் பாடிக்கொண்டே ஓட்டினாள்.

குடில் வாசலில் ஒரு காரும் இல்லை. டயர்த் தடங்கள் மட்டும் இருந்தன. சாவி கதவிலேயே தொங்கியது. உள்ளே தொட்டியில் பாத்திரங்கள் குவிந்துகிடந்தன, கஞ்சிச் சட்டி அடிப்பிடித்திருந்தது, தரையில் உருகிய பனி சேறாகியிருந்தது. படுக்கைகளின் மேல் ஆரஞ்சுத் தோல்கள்.

போன் போட்டாள். ஐவின் காரிலிருந்து பேசினான்.

"அட, இங்குன்! கீழே டிராஃபிக் நெரியும்னு விடியறதுக்குள்ள கிளம்பிட்டோம். உனக்குச் சொல்லணும்னு நெனச்சேன், கூட்டத்துல மறந்தே போச்சு."

"மறந்துட்டியா? நான் காலைல வர்றேன்னு சொன்னேனே!"

"கழுவத்தானே, சாயங்காலம் வரை நேரம் இருக்குல்ல. அவசரம் இல்ல, மெதுவா பண்ணு."

பின்னாலிருந்து தீரிலின் குரல் கேட்டது. "அது அம்மாவா? அம்மா, எங்க இருக்க?"

"குடில்லடி."

"எதுக்கு? நாங்கதான் வந்துட்டோமே."

"கழுவி விடணும்ல, செல்லம்."



"கழுவ ஒரு ஆள் வருவாங்க, அப்படியே போட்டுட்டு வாங்கன்னு மெரெத்தே ஆன்ட்டி சொன்னாங்க," என்றாள் தீரில். "அந்த ஆள் நீயா?"

"ஆமா. நான்தான்."

"தெரிஞ்சிருந்தா நான் பாத்திரத்தையாவது கழுவி வெச்சிருப்பேன்மா."

"பரவால்லடி கண்ணு," என்று சொல்லிவிட்டு, இங்குன் அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தாள்.