ஏதோ ஒரு ஆபீஸ்

ஆஸ்பத்திரி அறையில் கும்ரான் கணவரின் பாதங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டில் கிழவர் பொங் டிவியில் வானிலைச் செய்தியைப் பார்த்துக் கத்தினார்.

"சாயங்காலம்தான் மழைன்னு நேத்து சொன்னான். விடியறதுக்குள்ள வந்துடுச்சு! முற்றத்துல காயுற பூண்டு பூரா நனைஞ்சிருக்கும். இவனுங்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடு."

முலாம்பழம் சீவிக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்தாள். "அவனுங்க வீட்டுப் பொம்பளைங்களே அவனுங்க பேச்சை நம்பித் துணி காயப்போட மாட்டாளுங்க."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கும்ரானும் சிரித்துவைத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தாருக்கா?" பொங்கின் மனைவி ஒரு துண்டுப் பழத்தை நீட்டினாள்.

"ஏதோ ஒரு ஆபீஸ். கவர்மென்ட் வேலை."

கைக்குள் இருந்த பாதம் லேசாகப் பின்னுக்குப் போனது. கணவர் தேக்சுவின் கண்கள் மூடித்தான் இருந்தன.

பல வருடங்களாக அவள் இப்படித்தான் சொல்லிவந்தாள். மழை வராது, தங்கை மகளின் கல்யாணத்தைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லப்போய், தாலாட்டுவது போலத் தொடங்கிய தூறல் பந்தலையே சாய்த்துவிட்டது. அதற்குப் பிறகு உறவுக்காரர்களின் கேலி ஓயவேயில்லை. ஜொன்ஜு நகரத்துக்குக் குடிவந்ததும் வானிலை என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. ஒரே ராத்திரியில் ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடித்துவிட்டு அடுத்த ஊரை நனைக்காமல் போகும் மழை, எங்கே எப்போது திரளுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. முடி நரைக்கும்வரை அதுவேதான்.

மதியத்துக்குமேல் அவர் கண் திறந்தார். டிவியில் மேகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இன்ஹோ அம்மா."

"என்னங்க? தண்ணி வேணுமா?"

"மேற்குக் கடல்லேர்ந்து கோடு மாதிரி வருது பாரு. ராத்திரி பெருசா இருக்கும். அவர் பூண்டை... வீட்டுக்குள்ள எடுத்துவைக்கச் சொல்லு."

"சும்மா படுங்க. ஊரான் வீட்டுப் பூண்டு உங்களுக்கு எதுக்கு?"

"சொல்லிடு."

"சரி, சொல்றேன்."

அவள் சொல்லவில்லை. சொன்னால், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பொங்கின் மனைவி இரண்டு முறை இவள் பக்கம் திரும்பினாள். இரண்டு முறையும் கும்ரான் போர்வையைச் சரிசெய்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தேக்சு இறந்துபோனார்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே துக்கக்கூடம். மறுநாள் அவருடைய அலுவலகத்திலிருந்து வந்த மலர்வளையங்கள் வாசலை அடைத்து நின்றன. பொங்கின் மனைவி கறுப்பு மேல்சட்டையை யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். தேக்சுவின் படத்துக்கு முன் இரண்டு முறை விழுந்து வணங்கிவிட்டுக் கும்ரானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் கேடுதான்க்கா. பையன் தார்ப்பாய் போட்டு மூடினானாம். தண்ணி அடியில புகுந்து பூண்டை மொத்தமா இழுத்துட்டுப் போயிடுச்சு. ஒரு வார்த்தை யாராவது முன்னாடியே..."

அவள் கண் மலர்வளையத்தின் பட்டைத் துணியில் போய் நின்றது. வானிலை அலுவலகம், மழை ஆராய்ச்சிப் பிரிவு. பெரிய எழுத்துகள். அவள் இன்னொரு வளையத்தைப் பார்த்தாள். பிறகு கும்ரானைப் பார்த்தாள்.

பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். "சாப்பிடுங்கக்கா. உடம்பைப் பாத்துக்கங்க," என்றுவிட்டுப் போனாள்.

இரவில் தூங்காத கண்களோடு அவருடைய அலுவலகத்து இளைஞர்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவனான யூன்சோ தலை குனிந்தபடி பேசினான்.

"சார் முன்னாடியே போட்டுக் குடுத்த கணக்கை வச்சுத்தான் நேத்து ராத்திரி எச்சரிக்கை விட்டோம், மேடம். ஆத்தோரத்து ஜனங்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்ப நேரம் கிடைச்சுது. சாருக்கு போன் பண்ணிச் சொல்லலாம்னு எடுத்தேன்..."

கும்ரான் நான்கு கிண்ணங்களை எடுத்து வைத்தாள்.

"இப்பவே கிளம்பணும், மேடம். இன்னொரு மழை வருது."

"ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க. சூப் சூடா இருக்கு."

அவர்கள் உட்கார்ந்து அவசர அவசரமாக விழுங்கினார்கள். மகன் இன்ஹோ, "அம்மா, நீங்க உள்ள உக்காருங்க," என்றான். அவள் வாசலுக்குப் போனாள். அவர்கள் அவிழ்த்துப் போட்ட சேறு படிந்த செருப்புகளும் ஷூக்களும் தாறுமாறாகக் கிடந்தன. துக்க உடையை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டு, ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, காலை நுழைத்ததும் அவர்கள் ஓடுவதற்குத் தோதாக முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.